ஒரே இரவில் போன ஊர், பாதி மட்டும் திரும்பிய ஊர்: கேன்சஸின் கையோவா கவுண்டி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2007 மே 4ஆம் தேதி இரவு அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரை டொர்னாடோ எனும் கடும் சுழல்காற்று அழித்தது. அதற்குப் பிறகு அந்த ஊர் "பசுமை ஊர்" என்று உலகப் புகழ் பெற்றது. அந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இங்கே நான் பார்க்க விரும்புவது வேறு. ஆள் குறைந்துகொண்டே போகும் ஒரு கவுண்டியின் (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) தலைநகரே அழிந்துபோனால், அங்கே இருப்பவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவுகள் யாரைத் திரும்பக் கொண்டுவந்தன, யாரைக் கொண்டுவரவில்லை என்பதே என் கேள்வி. தனிமனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

கையோவா கவுண்டி கேன்சஸின் தென்மேற்குச் சமவெளியில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 1,870 சதுர கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 3,278 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, மேய்ச்சல் நிலம், நடுநடுவே தானியக் கோபுரங்கள். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அடுத்த ஊர் வருகிறது என்பதை முதலில் சொல்வது அந்தக் கோபுரம்தான்.

இந்தக் கவுண்டியிலிருந்து யாரும் மக்களைத் துரத்தவில்லை. 1930இல் அங்கே சுமார் 6,000 பேர் இருந்தார்கள். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெரிதாகப் பெரிதாக, அதே நிலத்துக்குத் தேவைப்படும் கைகள் குறைந்தன. பள்ளி முடித்த பிள்ளைகள் விசிடா போன்ற நகரங்களுக்குப் போனார்கள், பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. 1990இல் 3,660 பேர், 2000இல் 3,278. பத்து ஆண்டில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. டொர்னாடோ வருவதற்கு முன்பே இதுதான் நிலைமை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் எண்கள் புரியும்.

கவுண்டியின் தலைநகரம் கிரீன்ஸ்பர்க். நீதிமன்றம், மருத்துவமனை, உயர்நிலைப் பள்ளி, மளிகைக் கடை எல்லாம் அங்கேதான். 1960இல் கிட்டத்தட்ட 2,000 பேர் இருந்த ஊர், 2000இல் 1,574 பேராகக் குறைந்திருந்தது. ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1887, 1888 ஆண்டுகளில் கையாலேயே தோண்டிய பெரிய கிணறு அது. 109 அடி ஆழம், 32 அடி விட்டம். சுற்றுலாப் பயணிகள் படியிறங்கி அடிவரை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரும்பாலானவை பழைய மரவீடுகள். கடன் எப்போதோ அடைந்துவிட்டவை. உள்ளே வயதானவர்கள். சந்தையில் அந்த வீடுகளுக்குப் பெரிய விலை கிடையாது, ஆனால் மாதாமாதம் வாடகையும் கிடையாது, தவணையும் கிடையாது. ஓய்வூதியத்தில் நிம்மதியாக வாழ அதுவே போதும்.

அந்த இரவு

வெள்ளிக்கிழமை. டாட்ஜ் சிட்டியில் உள்ள வானிலை அலுவலகம் மாலையிலிருந்தே எச்சரித்துக்கொண்டிருந்தது. ரேடாரில் தெரிந்த சுழல் நேரே ஊரை நோக்கி வருகிறது என்று உறுதியானதும், சாதாரண எச்சரிக்கையை "டொர்னாடோ அவசரநிலை" என்று உயர்த்தினார்கள். 1999இல் ஓக்லஹோமாவில்தான் அந்தச் சொல்லை முதன்முதலில் பயன்படுத்தியிருந்தார்கள். அரிதாகவே அதை எடுப்பார்கள். ஊரில் அபாயச் சங்கு சுமார் 20 நிமிடம் முன்பே ஊதிவிட்டது.

இருபது நிமிடம் என்பது சமவெளிக்காரர்களுக்குப் போதுமான நேரம். அங்கே சங்கு என்றால் என்ன, எங்கே போகவேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு நிலவறை இருக்கிறது. டார்ச், ரேடியோ, போர்வையோடு இறங்கிவிடுவார்கள். நிலவறை இல்லாதவர்கள் அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். மருத்துவமனையில் இருந்தவர்களும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள்.

இரவு 9.45 மணி அளவில் அது ஊருக்குள் வந்தது. அகலம் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர். ஊரின் அகலத்தைவிட அது பெரிது. காற்றின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் அளவுக்கு இருந்ததாக மதிப்பிட்டார்கள். டொர்னாடோவின் வலிமையைத் தரம் பிரிக்கும் புதிய அளவுகோல் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதில் உச்சநிலையான "இ.எஃப். 5" என்று பதிவான முதல் டொர்னாடோ இதுதான்.

உயிர் பிழைத்தவர்கள் பலரும் சொன்ன ஒரு விஷயம், முதலில் காது அடைத்துக்கொண்டது என்பது. விமானம் இறங்கும்போது அடைக்குமே, அதைவிடப் பல மடங்கு. அப்புறம் தலைக்குமேல் வீடு பெயர்கிற சத்தம். சில நிமிடத்தில் எல்லாம் அடங்கி, மேலே பார்த்தால் கூரை இருந்த இடத்தில் வானம்.

பொழுது விடிந்தபோது கண்டவை

ஊரில் 95 சதவீதக் கட்டடங்கள் அழிந்திருந்தன. மிச்சமிருந்தவையும் சேதமடைந்தவைதான். பள்ளிக்கூடம் போய்விட்டது, மருத்துவமனை போய்விட்டது, தண்ணீர்த் தொட்டி சரிந்து கிடந்தது. மரங்களில் இலையோ கிளையோ இல்லை. பட்டை உரிந்த அடிமரம் மட்டும் நின்றது. கான்கிரீட்டால் கட்டிய தானியக் கோபுரமும், 1914இல் கட்டிய கவுண்டி நீதிமன்றமும் நிமிர்ந்து நின்றன. அருங்காட்சியகத்தில் அரை டன் எடையுள்ள ஒரு விண்கல் இருந்தது. அதை இடிபாட்டுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார்கள்.

இந்த டொர்னாடோவில் இறந்தவர்கள் 11 பேர். ஒவ்வொரு மரணமும் ஒரு குடும்பத்துக்கு ஆறாத இழப்பு. அதே நேரம், ஊரே தரைமட்டமான ஓர் இரவில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ரேடார், சங்கு, நிலவறை, பழக்கம் என்ற நான்கும் சேர்ந்து செய்த வேலை அது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும்.

ஊரைக் காலி செய்து மக்களைப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். எரிவாயுக் கசிவு, தொங்கும் மின்கம்பி, இடிபாடு என்ற காரணங்களால் சில நாட்கள் யாரையும் உள்ளே விடவில்லை. மே 9ஆம் தேதி அன்றைய ஜனாதிபதி புஷ் வந்து பார்த்தார்.

முதல் முடிவு: இங்கேயே கட்டுவது

இந்த முடிவைப் பலர் தானாக நடந்ததாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊரை அப்படியே விட்டுவிட்டு, நீதிமன்ற வேலைகளைப் பக்கத்து ஊருக்கு மாற்றி, பள்ளியை வேறு பள்ளி மாவட்டத்தோடு இணைத்துவிடலாம் என்ற எண்ணம் எழுவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. எப்படியும் ஆள் குறைந்துகொண்டே போகும் ஊர்தானே?

ஆனால் கவுண்டியின் கோணத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. தலைநகரம் போனால் மருத்துவமனை போகும். அருகிலுள்ள பெரிய ஊரான பிராட்டுக்கு சுமார் 50 கிலோமீட்டர். நெஞ்சுவலி வந்தவருக்கு அது மிக நீண்ட தூரம். பள்ளி போனால் இளம் குடும்பங்கள் போகும். அவர்கள் போனால் பண்ணைகளை எடுத்து நடத்த அடுத்த தலைமுறை இல்லை. ஊரில் வாழாத பண்ணைக்காரர்களுக்கும் அந்த ஊர்தான் முதுகெலும்பு. அதனால் முதல் சில நாட்களிலேயே நகர மன்றமும் கவுண்டி நிர்வாகமும் "இங்கேதான் கட்டுகிறோம்" என்று அறிவித்தன. வெளியூரில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. அதை வேகமாகச் செய்தது சரி என்பதே என் கருத்து.

இரண்டாவது முடிவு: பசுமையாகக் கட்டுவது

கூடுவதற்கு ஒரு கட்டடம் கூட இல்லாததால், பெரிய கூடாரம் ஒன்றைப் போட்டு அதில் ஊர்க்கூட்டங்கள் நடந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் புதிதாகத்தான் கட்டப்போகிறோம், எரிசக்தியை மிச்சப்படுத்தும் விதத்தில் கட்டினால் என்ன என்ற யோசனை அங்கேதான் வளர்ந்தது. மேயரும் நகர நிர்வாகியும் அதை எடுத்துப் பேசினார்கள், மாநில ஆளுநர் ஆதரித்தார். அருகில் வசித்த ஒரு தம்பதி இதற்கென்றே தொண்டு நிறுவனம் தொடங்கினார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. இது பழமைப் பிடிப்புள்ள விவசாய ஊர். "பசுமை" என்ற சொல்லே பெருநகரத்து அரசியல் என்று பலருக்குப் பட்டது. அதைவிட நியாயமான எதிர்ப்பு ஒன்றும் இருந்தது: தலைக்குமேல் கூரை இல்லாதபோது இதெல்லாம் எதற்கு?

மனம் மாறியது எப்படி என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுத்து அவர்களைச் சம்மதிக்க வைக்கவில்லை. "நம் தாத்தா பாட்டி என்ன செய்தார்கள்? காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள், மழைநீரைத் தொட்டியில் பிடித்தார்கள், வெயில் வரும் பக்கம் பார்த்து ஜன்னல் வைத்தார்கள், எதையும் வீணாக்கவில்லை" என்ற வழியில் பேச்சு போனது. தங்கள் வழக்கத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது என்று கண்டபோது சந்தேகம் தணிந்தது. மின்கட்டணக் கணக்கும் உதவியது. கோடையில் கொளுத்தி, குளிர்காலத்தில் உறையும் ஊர் அது. சுவரைத் தடிமனாகவும் காற்றுப் புகாமலும் கட்டினால் ஒவ்வொரு மாதமும் பணம் மிச்சம்.

2007 டிசம்பரில் நகர மன்றம் தீர்மானம் போட்டது. 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடங்கள் எல்லாம், பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் "லீட்" தரச்சான்றின் உச்சமான பிளாட்டினம் நிலையில் கட்டப்படவேண்டும். அமெரிக்காவில் இப்படித் தீர்மானித்த முதல் ஊர் இதுதான். தனியார் வீடுகளுக்கு எந்தக் கட்டாயமும் வைக்கவில்லை. ஆலோசனை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வகத்திலிருந்து வந்த வல்லுநர்கள் ஊரிலேயே இருந்து உதவினார்கள். அந்த எல்லைக்கோடு புத்திசாலித்தனமானது. வீடுகளுக்கும் கட்டாயம் என்று சொல்லியிருந்தால் திரும்பியவர்கள் இன்னும் குறைந்திருப்பார்கள்.

இடைக்காலம்

டொர்னாடோ வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் பள்ளி திறந்தது. வகுப்புகள் டிரெய்லர்களில், அதாவது இழுத்துவந்து நிறுத்தும் தற்காலிக அறைகளில் நடந்தன. "ஒரு வருடம் வேறு ஊரில் படிக்கட்டும்" என்று விட்டிருந்தால் பிள்ளைகளோடு பெற்றோரும் போயிருப்பார்கள். மருத்துவமனையும் முதலில் கூடாரத்தில், பிறகு தற்காலிகக் கட்டடங்களில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஓடியது. பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமா ஊருக்கு வெளியே டிரெய்லர் வீடுகளை வரிசையாக நிறுத்தியது. சமவெளிக் காற்றில் அந்த மெல்லிய சுவருக்குள் இருப்பவர்களுக்கு, மேகம் கறுத்தாலே தூக்கம் போய்விடும். நிலவறையும் கிடையாது.

நிரந்தரக் கட்டடங்கள் மெதுவாக வந்தன. 2008இல், அழிவின் தேதியையே பெயராகக் கொண்ட கலை மையம் திறந்தது. கேன்சஸ் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டியது அது, மாநிலத்தின் முதல் பிளாட்டினம் கட்டடம். 2010இல் மருத்துவமனையும் பள்ளியும். அந்த மருத்துவமனை தன் மின்தேவையில் ஒரு பகுதிக்குச் சொந்தக் காற்றாலையோடு கட்டப்பட்டது. தெருவிளக்குகள் எல்லாம் எல்.இ.டி. ஆயின. பிரதான வீதியில் மழைநீரைப் பிடித்துச் செடிகளுக்கு விடும் ஏற்பாடு வந்தது. ஊருக்கு வெளியே 10 காற்றாலைகள், மொத்தம் 12.5 மெகாவாட். ஊரை அழித்த காற்றிலிருந்தே ஊருக்கு மின்சாரம் என்று அந்த மக்கள் சொல்லும்போது அதில் பெருமை தெரிகிறது, அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 2012இல் பெரிய கிணற்றின் அருங்காட்சியகம் மறுபடி திறந்தது.

கவுண்டி நிர்வாகம் தன் பங்கில், நின்றுகொண்டிருந்த நீதிமன்றத்தை இடிக்காமல் புதுப்பித்தது. நூலகம், அருங்காட்சியகம், வேளாண் ஆலோசனை அலுவலகம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கட்டாமல் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. அதற்குள், பழைய மருந்துக்கடையில் இருந்த சோடா கவுண்டரையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊரார் பல தலைமுறையாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்ட இடம் அது.

திரும்பாதவர்கள்

2010 கணக்கெடுப்பில் கிரீன்ஸ்பர்க்கில் 777 பேர். 2000இல் இருந்ததில் பாதி.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. அவர்களின் மரவீட்டின் மதிப்பு 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு ஏறக்குறைய அவ்வளவுதான் தரும். அதே அளவில் புதிய வீடு கட்ட ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும், அந்த வயதில் முப்பது ஆண்டுத் தவணை. அதுவும் வீடு முடியும்வரை டிரெய்லரில் இருக்கவேண்டும். பிராட்டிலோ விசிடாவிலோ மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பழைய வீடு அந்தக் காப்பீட்டுப் பணத்திலேயே கிடைக்கும். அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? எடுத்தது தவறு என்று யார் சொல்லமுடியும்?

வாடகைக்கு இருந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்கான காப்பீட்டுப் பணம் அவர்களுக்குக் கிடையாது. வீட்டுக்காரர் மறுபடி கட்டவில்லை என்றால் திரும்புவதற்கு இடமே இல்லை.

பசுமைக் கட்டடங்கள்தான் ஆட்களை விரட்டின என்று சிலர் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்கமுடியவில்லை. வீடுகளுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. சாதாரண முறையில் கட்டினாலும் புதிய வீட்டின் விலை பழைய வீட்டின் விலையைவிட மிக அதிகம். கிராமப்புறச் சமவெளியில் வீட்டின் சந்தை மதிப்புக்கும் அதை மறுபடி கட்டும் செலவுக்கும் இடையே உள்ள பள்ளம்தான் மக்களை விழுங்கியது.

எண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்

இந்த நிகழ்வைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் 1,574, 777 என்ற இரண்டு எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். கவுண்டியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2000க்கும் 2010க்கும் இடையில் கவுண்டி 3,278இலிருந்து 2,553 ஆனது, 725 பேர் குறைவு. ஊரில் மட்டும் குறைந்தவர்கள் 797 பேர். அதாவது ஊருக்கு வெளியே, கவுண்டியின் மற்றப் பகுதிகளில் 72 பேர் கூடியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துவந்த நிலப்பரப்பில் அது சாதாரண விஷயம் அல்ல. கிரீன்ஸ்பர்க் குடும்பங்கள் சில பண்ணைகளுக்கோ, ஹேவிலண்ட், மலின்வில் போன்ற பக்கத்து ஊர்களுக்கோ போயிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அடுத்த பத்தாண்டில் கவுண்டி 2,553இலிருந்து 2,460 ஆனது. குறைவு நூற்றுக்கு நான்கு கூட இல்லை. டொர்னாடோவுக்கு முந்தைய 1990களில் அது நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஊரும் 777இலிருந்து 740க்குத்தான் இறங்கியது. பள்ளியும் மருத்துவமனையும் நின்றதால்தான் தேய்மானம் மெதுவானது என்று இந்த எண்கள் மட்டும் நிரூபித்துவிடாது. ஆனால் அவை இல்லாமல் இந்த எண்கள் இப்படி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலாவது வீடு. பொதுக் கட்டடங்களுக்குக் கொடுத்த வேகத்தையும் வல்லுநர் பலத்தையும், சின்ன வாடகை வீடுகளுக்கும் வயதானவர்களுக்கான குடியிருப்புக்கும் முதல் ஆறு மாதத்திலேயே கொடுத்திருக்கவேண்டும். எங்கே குடியேறுவது என்று குடும்பங்கள் முடிவெடுப்பது அந்த மாதங்களில்தான். ஒரு பாட்டி விசிடாவில் புதிய மருத்துவரிடம் பழகிவிட்டார், புதிய சர்ச்சில் சேர்ந்துவிட்டார் என்றால், இரண்டு ஆண்டு கழித்து அழகான வீடு கட்டிவைத்துக் கூப்பிட்டாலும் வரமாட்டார். கிரீன்ஸ்பர்க்கில் பொதுக் கட்டடங்கள் எழும்பியபோது, அவற்றைப் பயன்படுத்தவேண்டியவர்களில் பாதிப்பேர் வேறு ஊரில் வேர்விட்டிருந்தார்கள்.

இரண்டாவது, பசுமைப் புகழ் தொழில்களைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை. தொலைக்காட்சி வந்தது, பார்வையாளர்கள் வந்தார்கள், 2009இல் ஜனாதிபதி ஒபாமாவே நாடாளுமன்ற உரையில் ஊரைக் குறிப்பிட்டார். எதிர்பார்த்த அளவுக்கு வேலைகள் வரவில்லை. இருக்கும் வேலைகளின் அடிப்படை இன்றும் விவசாயமும், விவசாய இயந்திர விற்பனையும், பள்ளியும், மருத்துவமனையும், கவுண்டி அலுவலகமும்தான். திட்டம் போடும்போதே இவற்றை மையமாக வைத்து, செவிலியருக்கும் ஆசிரியருக்கும் இயந்திர மெக்கானிக்குக்கும் வீடு எங்கே என்று கேட்டிருந்தால் இன்னும் சில குடும்பங்கள் தங்கியிருக்கும்.

மூன்றாவது காப்பீடு. இது அடுத்த கவுண்டிகள் இன்றைக்கே செய்யக்கூடியது. வீட்டின் சந்தை விலைக்கா, மறுபடி கட்டும் செலவுக்கா, எதற்குப் பாலிசி இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் போதும். வயதானவர்களுக்கு அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல யாராவது வேண்டும். சங்கு ஒழுங்காக ஊதுகிறதா என்று அவ்வப்போது சோதிக்கிறார்கள். இதையும் அதே ஒழுங்கோடு சோதிக்கலாம்.

இப்போது கிரீன்ஸ்பர்க்கில் புதிய கட்டடங்களுக்கு நடுவே புல் வெட்டிச் சுத்தமாக வைத்த வெற்று மனைகள் இருக்கின்றன. டொர்னாடோவுக்குப் பின் நட்ட மரங்கள் வளர்ந்துவருகின்றன. சமவெளி மண்ணிலும் காற்றிலும் மரம் மெதுவாகத்தான் வளரும். பழைய தெருக்களுக்கு இருந்த நிழல் இன்னும் வரவில்லை.